ஏழாம் இடத்துக்கான ஆட்டம்

வெஸ்ட்வில் வளாகத்துக் குரங்குகளுக்கு
எங்கள் பயிற்சி நேரம் அத்துப்படி.
செவ்வாய், வியாழன், நாலரை மணி.
நாங்கள் கூம்புகளை வைத்து முடிப்பதற்குள்
லோஷினியின் பையிலிருந்து வாழைப்பழம் போய்விடும்.
ஒருமுறை வட்டையே தூக்கிக்கொண்டு
மாமரத்தில் ஏறிக் கடித்துப் பார்த்தது ஒன்று.
விளிம்பில் அந்தப் பல்தடம் இன்னும் இருக்கிறது;
முன்கை வீச்சில் என் நடுவிரல்
சரியாக அங்கேதான் பதியும்.

முதலாண்டில் கணக்கியல் வகுப்புக்கு
வழி தேடிப் போனவள் நான்.
காதை உரசிக்கொண்டு விழுந்தது.
மன்னிப்புக் கேட்காமல் ஒருவன்
"திருப்பி எறி" என்றான். எறிந்தேன்.
அது யாரோ பேராசிரியரின் காரை நோக்கிப் போனது.
எறிந்த கையை மறைத்துக்கொண்டு
இருவரும் ஓடினோம். அவன்தான் க்ரீசன்.

"தட்டு எறியவா பல்கலைக்கழகம்?" என்றாள் அம்மா.
என்றாலும் பயணச் செலவுக்கு
முந்நூறு சமோசா மடித்துக் கொடுத்தாள்,
எண்ணெய்க் கணக்கை உறைமேல் எழுதி.
சாட்ஸ்வொர்த் பெட்ரோல் நிலையத்தில் கார் கழுவினோம்.
க்ரீசன் கழுவியவற்றில் சோப்பு அப்படியே இருந்தது.
சட்டைகள் வந்தபோது என் முதுகில்
மூன்சாமிக்கு ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
மாற்றப் பணமில்லை.

வான் ரீனன் ஏறும்போது காது அடைத்தது.
டர்பனின் ஈரக் காற்றில்
வட்டு ஒரு சோம்பேறி; சாய்ந்து சாய்ந்து வந்து
கையில் உட்காரும்.
புளூம்ஃபொன்டெயினில் காற்றே மெலிந்தது.
தபீசோவின் முதல் நீள வீச்சு
எல்லைக்கோடு தாண்டி, வேலி தாண்டி
யாரோ இறைச்சி சுடும் அடுப்பருகே இறங்கியது.
வட்டோடு ஒரு தொத்திறைச்சியும் திருப்பித் தந்தார்கள்.

காலையில் புல் முழுக்க உறைபனி.
கேப் டவுனிடம் பதினைந்துக்கு மூன்று.
பிரிட்டோரியாவிடம் பதினைந்துக்கு நான்கு.
அந்த நான்கைப் பெரிய முன்னேற்றம் என்றாள்
நொம்பிலோ, சிரிக்காமல்.

ஞாயிறு. ஏழாம் இடமா, எட்டாம் இடமா.
மொத்தம் வந்ததே எட்டு அணி.
பார்க்க இருந்தது ஒரு நாயும்
அதன் சொந்தக்காரரும்.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
அடுத்த புள்ளி எவருக்கோ ஆட்டம் அவருக்கு.

க்ரீசன் எறிந்தான்; காற்று அதை அழுத்தியது.
பாய்ந்தேன்.
பாய்ந்தேன் என்பது பின்னால் சேர்த்த சொல்,
அப்போது தரைதான் எழுந்து வந்தது.
மார்பு, தாடை, முழங்கை,
பிறகு விரல்களுக்குள் வட்டு.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது.
விசில் இல்லை, அட்டை இல்லை.
எதிரணிப் பெண் குனிந்து கேட்டாள்,
வழியில் மணி கேட்பவள் போல:
"மேலேயா, கீழேயா?"

விரலுக்கும் விளிம்புக்கும் நடுவே
குளிர்ந்த ஏதோ ஒன்று இருந்தது.
புல்லாக இருக்கலாம். பனியாக இருக்கலாம்.
விரல்நுனி மரத்து அரைமணி ஆகியிருந்தது,
என் விரலாகவே இருக்கலாம்.
என் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"கீழே" என்றேன்.

ஆறு வீச்சில் முடித்தார்கள்.
இரு அணியும் தோளில் கைபோட்டு
வட்டமாக நின்றபோது அவள் எனக்கு
ஒரு நார்ச்சி உரித்துத் தந்தாள்:
நம் நாரத்தை கப்பலேறி வந்து
பெயரில் கொஞ்சம் தொலைத்த பழம்.

பெத்லகேம் வரை யாரும் பேசவில்லை.
ஹாரிஸ்மித்தில் தேநீருக்கு நின்றோம், அப்போதும்.
நொம்பிலோ என் தோளில் வாய் திறந்து தூங்கினாள்.
மூய் ரிவர் சுங்கச் சாவடியில்
சில்லறை எண்ணிக்கொண்டே, திரும்பிப் பாராமல்,
க்ரீசன் கேட்டான்:
"உண்மையிலேயே பட்டுச்சா?"

"தெரியல."

இன்னும் இரண்டு ராண்டு குறைகிறது என்றான்.
பையில் துழாவினேன்.
நார்ச்சித் தோல், காய்ந்த புல்,
அதற்கடியில் ஓர் ஐந்து ராண்டு.
தடுப்புக் கட்டை மேலே போனது.